சுகர் கணக்குக்கு நான் சேர்த்த ஜோடிகள்

அதிகம் பேசாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊர் அவர்களைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளும். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. கொஞ்ச நாளில் அவர்களும் அப்படியே நினைக்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அந்த ஆபத்து முற்றிப்போயிருந்த சமயத்தில் நடந்தது இது.

நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். மாதனூர் பக்கம் அது பெரிய செய்தி இல்லை. காலையில் கம்பெனி பஸ் போன பிறகு எங்கள் தெருவில் கோழிகள்தான் மிச்சம்.

என் வேலை ஜோடி பார்ப்பது. இடதும் வலதும் ஒரே நிறமா, கட்டைவிரலால் அழுத்தினால் ஒரே மாதிரி சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே தோல்தான் என்றாலும் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கும். முதுகும் வயிறும் ஜோடியாகப் போனால் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் திருப்பி அனுப்பிவிடுவான். நான் பார்த்த ஜோடி திரும்பி வந்ததே இல்லை. (ஒரு தடவை வந்தது. அது டியூப்லைட்டின் குற்றம்.)

ஒருநாள் பஸ்ஸில் ஒரு புது மேடம் ஏறினார். சின்ன வயசு. கழுத்தில் அட்டை. கம்பெனியில் அனுமதி வாங்கியிருந்தார். பெயர் நிவேதா. கலவைப் பக்கம் சொந்த ஊர். வேலூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பஸ்ஸே அவரை டாக்டர் என்று முடிவு செய்து முட்டிவலியைக் காட்டியது.

“நான் டாக்டர் இல்லக்கா. கணக்குப் போடுறவ.”

“இன்னா கணக்கு?”

“சுகர் மாதிரி தீராத வியாதி வந்தா ஒரு குடும்பத்துக்கு எவ்ளோ செலவு இழுக்குதுன்னு.”

“அதுக்கு எதுக்கு மேடம் படிப்பு?” என்றாள் சரசா. “எங்கிட்ட கேளுங்க, இப்பவே சொல்றேன். ஜாஸ்தி இழுக்குது.”

பஸ் சிரித்தது. மேடமும் சிரித்தார். சிரித்துவிட்டு சரசா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

சரசா யார் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரின் தங்கை. எனக்கு அத்தை மகள். (அத்தை மகனைக் கட்டிக்கொண்டால் ஒரே ஆள் இரண்டு உறவில் வருவாள். இரண்டு பங்கு பேசுவாள்.) எங்களுக்கு ஒரே வயசு. பக்கத்துப் பக்கத்து வீடு. அதே கம்பெனியில் தையல் பிரிவு. அவளுக்குச் சில வருஷமாகச் சுகர். கைப்பையில் மாத்திரை குலுங்கிக்கொண்டே வரும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் ‘பாவம்’ என்று உதட்டைப் பிதுக்குவேன். எனக்கு ஒன்றும் இல்லை என்பதில் எனக்குப் பெருமை. ஒன்றும் இல்லை என்று யார் சொன்னது என்றால், நான்தான்.

மேடம் கேள்வி கேட்கிற விதத்தை நான் முன் சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நாமாக இருந்தால், “வருஷத்துக்கு எவ்வளவு ஆச்சு?” என்று கேட்போம். அவளும் வாயில் வந்ததைச் சொல்லுவாள். மேடம் அப்படிக் கேட்கவில்லை.

“கடைசியா எப்பக்கா ஆஸ்பத்திரி போனீங்க?”

“ஆடி கிருத்திகைக்கு மறுநாள்.”

“கூட யாரு வந்தாங்க?”

“எங்க வீட்டுக்காரரு.”

“அவரு அன்னிக்கு வேலைக்குப் போனாரா?”

“எங்க போறது? ஓ.பி. சீட்டு வாங்கவே மதியம் ஆயிடுச்சு.”

“மதியம் எங்க சாப்ட்டீங்க? வீட்ல பசங்களுக்கு யாரு சமைச்சது?”

சரசா கையை நீட்டி என்னைக் காட்டினாள். “அண்ணிதான். ஒரு வாரம் சொல்லிக் காட்டுச்சு.”

மேடம் அதையும் குறித்துக்கொண்டார். நான் சமைத்தது ஒரு செலவு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நிமிஷமே எனக்கு மேடத்தைப் பிடித்துவிட்டது.

பிறகு ஒருநாள் அவர் சொன்னதுதான் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்தது. சரசா செலவை மட்டும் கூட்டினால் சுகரின் செலவு ஆகிவிடாதாம். சுகர் இல்லாவிட்டாலும் அவளுக்குக் காய்ச்சல் வரும், பல் வலிக்கும், லீவு போடுவாள். அதைக் கழிக்க வேண்டும். எப்படிக் கழிப்பது? அவள் மாதிரியே வயசு, வேலை, குடும்பம், ஆனால் சுகர் இல்லாத ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இவள் செலவில் அவள் செலவு போக மிச்சம்தான் சுகர் தின்றது.

“ஒரு சுகர் ஆளுக்கு ஒரு சுகர் இல்லாத ஆளு. ஜோடியா வேணும்க்கா.”

ஜோடி! என்னைப் பார்த்தா இதைச் சொல்ல வேண்டும்?

அவர் முகம் கொஞ்சம் வாடியும் இருந்தது. “எங்க ஆபீஸ்ல, ஆஸ்பத்திரி பில்லை வச்சே கணக்குப் போட்டா போதும், ஊருக்குள்ள போனா சரியான ஜோடி கெடைக்காதுன்றாங்க. நான் சண்ட போட்டு ஒரு ஞாயித்துக்கெழம வாங்கிருக்கேன். அன்னிக்கு ஒரு இருவது ஜோடியாவது தேறலைன்னா, இந்தப் பக்கத்தையே விட்ருவாங்க.”

“பில்லுல என் லீவு வருமா?” என்று கேட்டாள் சரசா.

“வராதுக்கா.”

“எங்க வீட்டுக்காரரு வேல கெட்டது?”

“அதுவும் வராது.”

சரசா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“நான் சேர்த்துத் தர்றேன்” என்றேன். அந்த வாரத்தில் நான் பேசிய பெரிய வாக்கியம் அதுதான்.

மேடத்துக்குச் சந்தோஷம். “ஆளுங்கள மட்டும் வரச் சொல்லுங்கக்கா. ஜோடி சேர்க்கறத நாங்க பார்த்துக்கறோம்” என்றார். முதல் பாதி என் காதில் விழுந்தது. இரண்டாவது பாதி பஸ்ஸின் இரைச்சலில் போய்விட்டது. (பஸ் அப்போது நின்றுகொண்டிருந்தது.)

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். சுகர் இருக்கிறவர்கள் யார் என்று பஸ்ஸுக்கே தெரியும். அவர்களுக்கு ஜோடிதான் தேட வேண்டும். எனக்குத் தெரிந்த முறையில் தேடினேன்.

இரண்டு பேரை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைப்பேன். உயரம் பார்ப்பேன். நிறம் பார்ப்பேன். தாடை பார்ப்பேன். நடக்கச் சொல்லி நடை பார்ப்பேன். வயசும் வேலையும் கேட்பேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண் போவது நிறத்துக்குத்தான். இத்தனை வருஷப் பழக்கம், என்ன செய்வது. வயசு, வேலை, குடும்பம் எல்லாம் பொருந்தியும் தேவகியை ஒதுக்கினேன். அரை ஷேடு கம்மி.

ராணி என்று ஒருத்தி. ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி. அகலமும் அதற்கு ஏற்ற மாதிரி. அவளாகவே வந்தாள்.

“அக்கா, எனக்கு சுகர் இல்ல. போன மாசம்தான் ரத்தம் குடுத்துப் பார்த்தேன். என்னை யார்கூடயாவது சேருங்க.”

“உனக்கு ஜோடி இல்ல” என்றேன்.

“இன்னாக்கா, கல்யாணத் தரகரு மாதிரி சொல்ற?”

பஸ் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தது. நான் கண்டுகொள்ளவில்லை. பத்து ஜோடி ஆன பிறகு ஒரு சூட்சுமம் பிடிபட்டது. ஒரே வீட்டில் தேடினால் ஜோடி அச்சாகக் கிடைக்கிறது. அக்காவுக்குத் தங்கை. பெரியம்மா மகளுக்குச் சித்தி மகள். முகமும் ஒன்று, நிறமும் ஒன்று, நடையும் ஒன்று. அப்புறம் வேலை வேகமாக ஓடியது. எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி.

“சுகர் இருக்கா?”

“இல்ல.”

சரி, பாஸ்.

கடைசியில் சரசாவுக்கு ஜோடி வேண்டும். அவளை மாதிரியே இருப்பது யார்? கண்ணாடியைப் பார்த்தேன். நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள். சுகர் இல்லாதவர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இன்றைக்கு டீயில் சர்க்கரை கூடாது, சாயங்காலம் பாகற்காய் சாப்பிட வேண்டும். சுகர்தான் இல்லையே, பாகற்காய் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பையர் வருகிறான் என்றால் நல்ல ஷூவுக்கும் ஒரு தரம் பாலிஷ் போடுவோம். அப்படி எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் ஏற்பாடு. ஒண்ணாம் வகுப்பு பெஞ்சில் ஜோடி ஜோடியாக உட்கார வைத்திருந்தேன். முழங்கால் எல்லாருக்கும் நெஞ்சு வரை வந்தது. மேடம் ஒரு நர்ஸோடு உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அக்கா... இவங்கள்ளாம் ரெட்டப் பிள்ளைங்களா?”

பாராட்டு என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் நர்ஸ் மேஜையில் ஒரு சின்ன மெஷினை வைத்துவிட்டார். விரலில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். கொஞ்ச நேரத்தில் மெஷின் எண்ணைக் காட்டும். வரிசையில் முதலாவதாக நின்ற மங்கை சித்தி கேட்டார், “நேத்து ராத்திரி தின்ன பாகக்கா எல்லாம் இதுல தெரியுமா?”

“இது நேத்தைய சுகர் பார்க்கறது இல்லம்மா” என்றார் நர்ஸ். “மூணு மாசத்து சுகர் பார்க்கறது.”

மங்கை சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரண்டு தட்டு பாகற்காய் இருந்தது.

மங்கை சித்திக்குச் சுகர் இருந்தது. அவர் சுகர் இல்லாத பக்கத்து ஆள்.

பரவாயில்லை, ஒன்றுதானே என்று நினைத்தேன். அடுத்தது சரி. அதற்கு அடுத்தவளுக்கும் இருந்தது. அதற்கு அடுத்தவளுக்கும். நர்ஸ் ஒவ்வொருத்தரிடமும் தணிந்த குரலில், “ஆஸ்பத்திரில இன்னொரு தடவ பார்த்து உறுதி பண்ணிக்குங்க” என்றார். குரலைத் தணித்து என்ன? எழுந்து வருகிறவர்களின் முகம் சத்தமாகப் பேசியது. என் ஜோடிகளில் பாதி அப்படியே கவிழ்ந்தது.

பிறகு என் முறை. நான் கையை நீட்டியது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மெஷின் யோசித்தது. எண் வந்தது. நர்ஸ் மேடத்தைப் பார்த்தார். சரசா எட்டி மெஷினைப் பார்த்தாள்.

“அண்ணி! என்னோடது இதவிட கம்மி!”

“கத்தாத.”

“மாத்திர சாப்புடுற நான் கம்மி. என்னைப் பாவம்னு சொன்ன நீ ஜாஸ்தி!”

பள்ளிக்கூடமே சிரித்தது. இப்போதுதான் ரத்தக் குத்து வாங்கி மூஞ்சியைத் தொங்கப்போட்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அந்த மட்டில் அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

மேடம் என் பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கோபம் இல்லை. “இவங்களுக்கெல்லாம் சுகர் இல்லன்னு எப்படிக்கா முடிவு பண்ணீங்க? கேட்டீங்களா, பார்த்தீங்களா?”

“கேட்டேன்.”

“உங்களுக்கு?”

“என்னையே கேட்டேன்.”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்புறம் ஜோடி ஜோடியாகப் பார்த்தார். “இவங்க ரெண்டு பேரும் சொந்தமா?”

“அக்கா தங்கச்சி.”

“இவங்க?”

“பெரிம்மா பொண்ணு, சித்தி பொண்ணு.”

“இவங்களும்...?”

“ஆமா.”

“அக்கா, சுகர் ரத்த சொந்தத்துல ஓடுற வியாதி. நீங்க ஒரே மாதிரி இருக்கறவங்களாத் தேடித் தேடி, சுகரும் ஒரே மாதிரி இருக்கறவங்களக் கூட்டியாந்துட்டீங்க.” பெஞ்சுகளை இன்னொரு தரம் பார்த்தார். “பொருத்தம் ஜாஸ்தி ஆனாலும் கணக்கு கெட்டுடும்க்கா. எங்க படிப்புலயே இந்தத் தப்பு இருக்குது. இவ்ளோ அழகா யாரும் பண்ணதில்ல.”

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சண்டை போட்டு வாங்கிய ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸில் சொன்னார்களே, ஊருக்குள் சரியான ஜோடி கிடைக்காது என்று, அதை நான் ஒருத்தியே நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லாத சமயம் பார்த்து ஒரு யோசனை சொன்னேன்.

“மேடம். மெஷின் காட்டினத எழுத வேணாம். வாயால சொன்னத எழுதிக்குங்க. ஜோடி இருவது இருக்கு.”

நல்ல மனசோடுதான் சொன்னேன். கம்பெனியில் அரை ஷேடு தப்பினால் பெட்டியின் மத்தியில் மறைத்து வைத்து பேக் பண்ணுவது உண்டு.

மேடம் தலையை ஆட்டினார். “போன வருஷம் உங்களுக்கு லீவு போட்டது ஏதாவது ஞாபகம் இருக்காக்கா?”

“கால்ல புண்ணு. ஆறவே இல்ல. ரெண்டு மாசம் பேஜார். புதுச் செருப்பு கடிச்சது.”

“அது சுகரோட வேலையா இருக்கலாம். அந்தச் செலவு, லீவு எல்லாம் எந்தப் பக்கம் எழுதுவேன்? சுகர் இல்லாதவங்க பக்கம். அப்ப சுகர் இல்லாதவங்களுக்கே இவ்ளோ செலவு ஆகுதேன்னு ஆயிடும். சரசாக்கா செலவுல இதக் கழிச்சா மிச்சம் இன்னா வரும்?”

“கம்மியா வரும்.”

“சுகர் பெருசா ஒண்ணும் திங்கலன்னு கணக்கு சொல்லும். அவங்க பட்டது பட்டதே இல்லன்னு ஆயிடும். ஜோடி கம்மியா இருந்தா போவட்டும்க்கா. பொய் ஜோடி வேணாம்.”

நான் எட்டாவது வரை படித்தவள். எனக்கு யாரும் இப்படி ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்ததில்லை. தான் சண்டை போட்டு வாங்கிய வேலை கைவிட்டுப் போகிற நிலையில் உட்கார்ந்துகொண்டு, சரசாவின் லீவு நாள் தொலைந்துவிடக் கூடாது என்று ஒரு படித்த பெண் கவலைப்பட்டதையும் நான் பார்த்ததில்லை.

யாரும் இல்லை என்று நினைத்தேன். சரசா ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். (அவள் கேட்காத இடம் எது?) உள்ளே வந்தாள்.

“மேடம், இருட்டற வரைக்கும் டைம் இருக்கில்ல? வயசு, வேல, வீட்ல எத்தினி பேரு. சொந்தமா இருக்கக் கூடாது. அவ்ளோதான?”

“அவ்ளோதான்க்கா.”

“மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவால்லயா?”

“பரவால்ல.”

“கேட்டியா அண்ணி? மூஞ்சி பரவால்லயாம்.”

போனை எடுத்தாள். ஒருத்திக்குப் போட்டாள், அவள் நாலு பேருக்குப் போட்டாள். இரண்டு தெரு நடந்தாள். கறிக்குழம்பு அடுப்பில் கொதிக்கிறது என்று சொன்னவர்களைக் குழம்போடு கிளப்பினாள். ஒருத்தி உண்மையிலேயே கரண்டியோடு வந்தாள்.

அந்த மத்தியானம் நான் பார்த்த ஜோடிகளை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். நெட்டைக்குக் குட்டை. கறுப்புக்குச் சிவப்பு. ஒரு பக்கம் எலும்பு, ஒரு பக்கம் மூட்டை. தேவகி வந்தாள், அரை ஷேடு கம்மியோடு. என் கை தன்னால் நீண்டது, ரிஜெக்ட் தட்டில் தள்ள. மேடம் வயசு கேட்டார், சரி. வேலை கேட்டார், சரி. குடும்பம், சரி. விரலில் குத்தினார்கள், சுகர் இல்லை. பாஸ்!

சரசாவுக்கு ஜோடியாக வந்தது யார்? ராணி. இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் நாலாம் நம்பர் ஷூவும் பத்தாம் நம்பர் ஷூவும். ராணி என்னைப் பார்த்துக் கேட்டாள், “எனக்கு ஜோடி இல்லன்னியே அக்கா, இது யாரு?”

மேலே விட்டத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு பல்லி இருந்தது.

வெளிச்சம் போவதற்குள் இருபதுக்கு இரண்டு குறைந்தது. மேடம் அங்கேயே நின்று தன் ஆபீஸ் பெரியவருக்குப் போன் போட்டார். நடந்ததை ஒளிக்கவில்லை. என் ஜோடி கவிழ்ந்ததை, புது ஜோடி சேர்ந்ததை, இரண்டு குறைவதை, எல்லாம் சொன்னார். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேசினார்கள். “சரி சார், சரி சார்” என்றார். கரண்டிக்காரி உட்பட யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“தொடரலாம்னுட்டாரு. பதினெட்டு போதுமாம். அப்புறம், தெரியாமலே சுகர் வச்சிருந்தவங்களத் தனியா ஒரு பிரிவா பார்க்கச் சொல்றாரு. அது அவருக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுதாம்.”

“பார்த்தியா” என்றேன் சரசாவிடம். “என்னாலதான்.”

“ஆமா அண்ணி. ஒரு பிரிவையே நீ தனியாப் பெத்துப் போட்டுட்ட.”

அதற்கப்புறம் மேடம் ஒரு வருஷத்துக்கு மேல் வீடு வீடாக வந்தார். வெயில், மழை பார்க்கவில்லை. கணக்கு முடிந்ததும் சொல்லிவிட்டுப் போக ஒரு தடவை வந்தார். மாத்திரைக்கு ஆன செலவைவிட, கெட்டுப்போன வேலை நாளின் செலவுதான் பெரிசாம். அந்தக் கணக்கில் சுகரால் ஒரு காலை எடுத்துவிட்ட மனுஷர் இருந்தார். அவர் செலவு மலை மாதிரி. “அவரைச் சேர்த்துப் பங்கு போட்டா எல்லாருக்கும் ஜாஸ்தி செலவு ஆன மாதிரி தெரியும். எடுத்துட்டா அவரு இல்லவே இல்லன்னு ஆயிடும். அதனால எல்லாரையும் செலவு வரிசைல நிக்க வச்சு, நடுவுல நிக்கறவங்க செலவத் தனியாவும், எல்லாரையும் சேர்த்துத் தனியாவும், ரெண்டு விதமா எழுதிருக்கேன்” என்றார். நான் என்றால் சேராத தோல் துண்டு மாதிரி அவரைத் தூக்கிக் கழிவில் போட்டிருப்பேன். மேடம் ஒரு துண்டைக்கூடக் கழிக்கவில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் என்னைக் கழித்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி. கரண்ட் இல்லை என்றால், “கேட்டதா, பார்த்ததா?” கறிவேப்பிலை இருக்கிறது என்றால், “கேட்டதா, பார்த்ததா?” பேரம் பேசாத என் வீட்டுக்காரர்கூட மீன்காரரிடம் இதைக் கேட்கிறார்.

போன மாசம் நாட்றம்பள்ளியிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பேசி முடிந்தது. பையனின் அம்மா காப்பியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க. உங்க குடும்பத்துல சுகர் யாருக்காச்சும்...”

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “இவளக் கேக்காதீங்கம்மா. கேட்டா இல்லன்னுதான் சொல்லுவா. மெஷின் வச்சுப் பாருங்க.”

சரசா சிரித்ததில் காப்பி டம்ளர் கவிழ்ந்தது. அப்புறம் அவளே பாகற்காய் முதல் பல்லி வரை முழுக் கதையையும் சொன்னாள். நான் சேலை முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, பையனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“எனக்கும் ஒரு புண்ணு ஆறவே மாட்டேங்குது. செருப்புதான்னு நெனச்சிட்டிருந்தேன். அந்த மெஷின் எங்கங்க இருக்குது?”

அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நானும் சரசாவும் அந்த அம்மாவும் வரிசையில் நின்றோம்.